மணிமுடியும் தொங்கணியும்

வேந்தர்க்கு உரிய அடையாளங்கள் கொடி, குடை, செங்கோல், அரியணை எனப் பலவாயினும் அவற்றுள் முதன்மையாய் நிற்பது முடியேயாம். என்னை? ஏனையவெல்லாம் வேந்தனுக்குப் புறத்தே நிற்ப, முடி ஒன்றே அவன் தலைமேலதாய், அவன் உடம்போடு ஒன்றி, ஏனை மக்களினின்றும் அவனை வேறுபடுத்துவதாகலின். இவ்வுண்மை எந்நாட்டார்க்கும் ஒக்கும். ஆயினும் முடியைப்பற்றி ஆராய்வோர் அதன் நடுவில் விளங்கும் பெருமணிகளையும் உச்சியில் நிற்கும் சின்னத்தையும் நோக்குமளவு, விளிம்பினின்றும் கீழே தொங்கும் சிற்றணிகளை நோக்குவதில்லை. நோக்கிய சிலரும் ஒன்றைப் பிறிதொன்றாகத் துணிந்து மயங்கினர். அம்மயக்கத்தை நீக்குதலே இக்கட்டுரையின் கருத்து.

ஈண்டு எடுத்துக்கொள்ளப்பட்டன ஐரோப்பாக் கண்டத்தின் இடைக்கால முடிகளாம். அவற்றின் இருபுறத்தும் காதருகே தொங்கும் முத்துக்கோவைகளையும் மணிச் சங்கிலிகளையும் இலத்தீன் மரபினர் பெண்டிலியா என்பர். அச்சொல் தொங்குதல் என்னும் பொருளுடைய வினையடியிற் பிறந்தது. கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட பைசாந்தியப் பேரரசின் கிரேக்கர் பிரெபெண்டூலியா என வழங்கினர். யாம் அவற்றைத் தொங்கணி எனவே கூறிச் செல்வேம்.

மறுக்கப்படும் கொள்கைகள்

தொங்கணிபற்றி வழங்கும் கொள்கைகள் மூன்று. அவற்றுள் முதலாவது, தொங்கணி வெறும் அழகுபற்றி இணைக்கப்பட்டதேயன்றி வேறு பொருளுடையதன்று என்பது. இரண்டாவது, தொங்கணி பைசாந்தியப் பேரரசனுக்கு அடங்கியவன் என்பதைக் காட்டும் அடிமைச் சின்னம் என்பது. மூன்றாவது, தொங்கணியோடு இன்றும் விளங்கும் ஹங்கேரி நாட்டுத் திருமுடி, அடியிலிருந்து முடிவரை, அந்நாட்டின் முதல் வேந்தராகிய புனித ஸ்தேவானுக்கு உரோமாபுரித் திருத்தந்தை இரண்டாம் சில்வெஸ்தர் அனுப்பியதே என்பது. இம்மூன்றாங் கொள்கையினின்றும் அதற்கு நேர்மாறாகிய பிறிதொரு கொள்கையும் கிளைத்தது. அஃதாவது, அம்முடி ஸ்தேவானுடையதன்று என ஒருகாற் புலப்பட்டால், அதற்கு அந்நாட்டார் செய்துவந்த வழிபாடனைய மதிப்பெல்லாம் பொய்யின்பாற் பட்டதாம் என்பது.

இவற்றை ஆராயுமிடத்துக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளையும் தத்தம் எல்லையில் நிறுத்திக் கொள்ளுதல் வேண்டும். முடியிற் கண்ணாற் காணப்படுவது காட்சி. கண்டது கொண்டு காணாததைத் துணிவது கருதல். முன்னோர் எழுதியும் சொல்லியும் வைத்தது உரை. உரையைக் காட்சியின்மேல் ஏற்றிக் காட்சியை மறைத்தலும், கருதலைக் காட்சி போலத் துணிந்து கூறுதலும் ஆராய்ச்சிக்கு இழுக்காம். மேற்கூறிய கொள்கைகள் யாவும் இவ்விரண்டு இழுக்குகளினின்றும் தோன்றியனவே என்பது பின்னர்ப் புலப்படும்.

முதற்கொள்கை மறுப்பு

இத்தாலி நாட்டு ரவென்னா நகரத்தில், கி. பி. 547-ல் திருநிலைப்படுத்தப்பட்ட சான் விட்டாலே என்னும் கோவிலிற் பேரரசர் ஜஸ்டினியனும் அவர் தேவி தியோடோராவும் பரிவாரங்களோடு நிற்குமாறு வண்ணக் கற்சில்லுகளால் அமைக்கப்பட்ட இரண்டு ஓவியங்கள் உள. ஜஸ்டினியன் முடியின் இருபுறத்தும் குறுகிய முத்துத்தொங்கல்கள் காணப்படுகின்றன. தியோடோராவின் முடியினின்றும் முத்துக்கோவைகள் நீண்டு மார்பளவும் தாழ்கின்றன. சூழ நிற்கும் ஆயரும் அமைச்சரும் மெய்காப்பாளரும் தோழிமாரும் ஆகிய எவர்க்கும் அவ்வணி இல்லை. தோழிமார் காதணியும் கழுத்தணியும் பூண்டு நிற்கின்றனர். ஆயினும் தலையினின்றும் தொங்கும் முத்துக்கோவை தேவி ஒருவர்க்கே உரித்தாயிற்று. அழகே கருத்தாயின், அழகுக்கு உரிய பிறர்க்கும் அதனை அமைத்தல் ஓவியற்கு அரிதன்று. அமைத்திலன். ஆதலால் அது நிலையைக் காட்டுவதற்கு அமைந்ததெனவே துணிதல் வேண்டும்.

இன்னும் ஒன்று நோக்கத்தக்கது. ஜஸ்டினியன் தம் வாழ்நாளில் ரவென்னாவிற்கு வந்தவரல்லர். அந்நகரம் அவர் படைத்தலைவராற் கி. பி. 540-ற் கைக்கொள்ளப்பட்டது. நேரிற் காணாத அரசரை அந்நகர மாந்தர் முடியும் தொங்கணியும் செந்நீல ஆடையும் கொண்டே அரசர் என அறிந்தனர். வாராத வேந்தன் ஆணையைக் கோவிற் சுவரின்மேல் நிலைநிறுத்தும் பணி அவ்வணிக்கு இருந்தது என்க.

அற்றேல், அஃது ஓவியன் வழக்கேயன்றி அரண்மனை வழக்கென்பது எற்றாற் பெறுதும் எனின், கூறுதும். பேரரசர் முதலாம் அலெக்சியஸ் கொம்னேனஸ் கி. பி. 1081 முதல் 1118 வரை ஆண்டவர். அவர் மகளார் அன்னா கொம்னேனா தம் தந்தையார் வரலாற்றை அலெக்சியாத் என்னும் பெயரால் எழுதினார். அதன்கண் அவர் பேரரசனுக்கு உரிய முடியையும் அவனுக்கு அடுத்த நிலையிலுள்ளார்க்கு உரிய முடியையும் வேறு பிரித்துக் காட்டுகின்றார். பேரரசன் முடி அரைக்கோள வடிவாய்த் தலையைப் பொதிந்து, முத்தும் மணியும் நிரம்பப்பெற்று, நெற்றிப்பொட்டின் இருபுறத்தும் கோவைகள் தொங்கிக் கன்னத்தைத் தீண்டுமாறு அமைந்ததென்பதும், இளவரசர் முதலாயினார் முடி அரைக்கோளக் கவிப்பு இன்றி அங்கங்கே சில முத்தும் மணியும் பெற்றதென்பதும் அவர் கூறியவற்றாற் பெறப்படும். அரண்மனையிற் பிறந்து வளர்ந்தவர் கூற்றாகலின் இவ்வுரை வலியுடைத்து. மணியின் அளவும் அஃது அமையும் இடமும் அதன் வடிவும் ஆகிய யாவும் நிலைவேறுபாட்டைக் காட்டுதற்கு வரையறுக்கப்பட்டிருந்தன என்பது இதனால் விளங்கும். எனவே, வெறும் அழகு என்னும் முதற்கொள்கை காட்சியோடும் உரையோடும் மாறுபடுதலின் பொருந்தாது.

அழகு இல்லையோ எனின், உண்டு. தலை சிறிது அசையினும் தொங்கணி பெரிது அசையும். அசையுந்தோறும் விளக்கொளியை ஏற்று மின்னும். ஆயினும் அழகு அதன் துணையேயன்றி முதலன்று என்பதே எம் கருத்து.

இடைப் பிறவரல்

இரண்டாங் கொள்கையை ஆராயுமுன், தொங்கணி என்னும் பெயரொற்றுமையால் நேரும் மயக்கம் ஒன்றை ஈண்டே நீக்குதல் வேண்டும். ஸ்பெயின் நாட்டுத் தொலேதோ நகரின் அருகில் குவாராசார் என்னுமிடத்திற் கி. பி. 1858-ல் நிலத்தினின்றும் அகழ்ந்தெடுக்கப்பட்ட பொன்முடிகளுட் சிறந்தது ரெசெஸ்வின்த் வேந்தன் பெயரால் வழங்குவது. அவன் கி. பி. 672-ல் இறந்த விசிகோத்து மரபினன். அம்முடி இப்பொழுது மத்ரீத் நகரத்துத் தேசியத் தொல்பொருட் காட்சிச்சாலையில் உள்ளது. அதன் விளிம்பினின்றும் பொன்னெழுத்துக்கள் வரிசையாகத் தொங்குகின்றன. அவற்றைக் கூட்டிப் படிப்பின், ரெசெஸ்வின்த் மன்னன் படைக்கின்றான் என்னும் பொருள் தோன்றும். ஒவ்வோர் எழுத்தின் கீழும் முத்தும் நீலமணியும் தொங்கல்களாக அமைந்துள்ளன.

இதனையும் தலையில் அணிந்த முடியாகக் கொண்டு, எழுத்துக்களும் தொங்கணியின் பாற்படும் என உரைப்பாருமுளர். அது பொருந்தாது. என்னை? அம்முடியை மேலே தூக்கி நிறுத்துதற்கு நான்கு பொற்சங்கிலிகள் உடன் அமைந்துள்ளன. எழுத்துக்கள் முன்னும் பின்னும் ஒருபடித்தாகச் சுற்றிலும் தொங்குதலின், அணிந்தவன் கண்ணையும் மறைப்பனவாம். படைக்கின்றான் என்னும் சொல்லே அஃது இறைவன் திருமுன்னர்த் தொங்கவிடுதற்குச் செய்த காணிக்கை என்பதை வாய்விட்டுக் கூறுகின்றது. ஆண்டு மணிகள் மட்டுமின்றி முடியே தொங்கலாயிற்று. வேந்தன் தன் தலையினும் உயர்ந்த இடத்தில் முடியை நிறுத்தித் தான் அதன்கீழ் நின்றான். அணிந்த முடியின் தொங்கணி அரசனை உலகத்தார்க்குக் காட்டுவது. படைத்த முடியின் தொங்கல் அரசன் பெயரை இறைவற்குக் காட்டுவது. இவ்விரண்டனையும் ஒன்றாக எண்ணுதல், வடிவ ஒற்றுமை கண்டு பயன் வேற்றுமையைக் காணாமையாம்.

இரண்டாங்கொள்கை மறுப்பு

இனி, தொங்கணி அடிமைச் சின்னம் என்பாரை நோக்குதும். அவர் சான்றாக எடுத்துக்காட்டுவது ஹங்கேரித் திருமுடி. ஆதலின் அம்முடியின் அமைதியை முதற்கண் கூறுதும்.

அம்முடி இரண்டு கூறாக உள்ளது. கீழ்க்கூறு வட்டமான பொற்பட்டை. அதிற் கிரேக்க எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளமையின் கிரேக்க முடி எனப்படும். மேற்கூறு ஒன்றையொன்று குறுக்கிடும் பட்டைகளாலாகியது. அதில் இலத்தீன் எழுத்துக்கள் உண்மையின் இலத்தீன் முடி எனப்படும். கீழ்க்கூற்றின் இருபுறத்தும் நந்நான்கும் பின்புறத்து ஒன்றுமாக ஒன்பது சிறு சங்கிலிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றின் முனையிலும் மும்மூன்று சிறுமணிகள் இலைபோல விரிந்து நிற்கின்றன. கீழ்ப்பட்டையிற் பொற்றகட்டின்மேற் கண்ணாடிக் குழம்பை உருக்கி வார்த்துச் செய்த எனாமல் ஓவியங்கள் உள. முன்புறத்து மேலே இயேசுநாதரும், பட்டையிற் சுற்றிலும் வானதூதர் இருவரும் புனிதர் நால்வரும் விளங்க, பின்புறத்து மேலே பேரரசர் ஏழாம் மைக்கேல் டூக்காசும், அவருக்குக் கீழே ஒருபுறம் கான்ஸ்டன்டைன் என்னும் உடனரசரும், மறுபுறம் ஹங்கேரி வேந்தன் முதலாம் கேசாவும் தீட்டப்பட்டுள்ளனர்.

இவ்வோவியங்களை ஊன்றி நோக்குவார்க்கு உயர்வும் தாழ்வும் இனிது புலப்படும். பேரரசர் மேலும் வேந்தன் கீழுமாக நிற்கின்றனர். பேரரசர்க்கும் உடனரசர்க்கும் தலையைச் சூழ ஒளிவட்டம் உண்டு, கேசாவுக்கு இல்லை. அவ்விருவர் பெயரும் செந்நிறத்தில் எழுதப்பட, கேசாவின் பெயர் இருண்ட நிறத்தில் எழுதப்பட்டுள்ளது. அவன் கண்களும் நேரே நோக்காது பேரரசர் பக்கம் திரும்பியுள்ளன. துருக்கியர் நாட்டின் நம்பிக்கைக்குரிய வேந்தன் என அவன் குறிக்கப்படுகின்றான். ஹங்கேரியரைத் துருக்கியர் என்றல் அக்காலத்துக் கிரேக்கர் வழக்கு. இவ்வாற்றால் அம்முடியில் அடங்குதற் குறிப்பு உண்டென்பதை யாமும் மறுக்கின்றிலேம். ஆயின் அக்குறிப்பு ஓவியத்தினும் நிறத்தினும் எழுத்தினும் உள்ளதேயன்றித் தொங்கணியின்கண் உள்ளதன்று. ஓவியம் கூறுவதைத் தொங்கணியின்மேல் ஏற்றி உரைத்தலே இக்கொள்கையாரது பிழை.

தொங்கணி அடிமைச் சின்னமாயின், அதனை ஜஸ்டினியன் அணிந்ததென்னை? அலெக்சியஸ் அணிந்ததென்னை? பேரரசனுக்கே உரிய உயர்ந்த அணி, பிறன் தலையிற் சென்றவழி அடிமையணியாய் மாறும் என்பதற்குச் சான்று வேண்டும். அஃது அவர்பால் இல்லை.

மாறாக, அச்சின்னங்களைப் பைசாந்தியர் எத்துணை அருமையாகப் போற்றினர் என்பதற்குச் சான்று உண்டு. பத்தாம் நூற்றாண்டின் இடையிற் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தம் மகனுக்கு அறிவுரையாக எழுதிய அரசியல் நூலிற் பதின்மூன்றாம் இயலில் முடிபற்றி ஒரு செய்தி கூறுகின்றார். காசரோ துருக்கியரோ உருசியரோ அரசுடையும் முடியும் வேண்டி வரின், அவை மக்கள் செய்தன அல்ல, பெருமை வாய்ந்த முதற் கான்ஸ்டன்டைனுக்கு இறைவன் வானதூதன் வாயிலாக அருளியன, திருவிழா நாட்களிலன்றி அரசரே அணியலாகாதன என விடை கூறி மறுத்துவிடுக என்பது அவ்வறிவுரையின் பொருள். முறைமீறி முடியணிந்த லியோ என்னும் பேரரசர்க்கு நெற்றியிற் பிளவை தோன்ற அதனால் அவர் மாண்டனர் என்னும் கதையும் ஆண்டே கூறப்படுகின்றது. வேண்டினும் கொடற்க என விலக்கப்பட்டோருள் துருக்கியர் என்றது ஹங்கேரியரையே என்பது கருதத்தக்கது. அடிமைச் சின்னமாயின் அதனைக் கேட்போர்க்கு மனமுவந்து கொடுத்தலே அரசியற்கு ஏற்றதாம். கொடாது மறைத்தமையின், அஃது உயர்வின் சின்னமே என்பது தெளிவு.

அங்ஙனமாயின், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டின் பின்னர் அதே இனத்து வேந்தனுக்கு முடி சென்றதென்னை எனின், காலம் வேறுபட்டது என்க. மைக்கேல் டூக்காஸ் அரியணை ஏறிய கி. பி. 1071-ஆம் ஆண்டிலேயே மன்சிகெர்த்துப் போரிற் செல்ஜூக்குத் துருக்கரிடம் பைசாந்தியப் படை தோற்றது. தென்னித்தாலியிற் பாரி என்னும் கோட்டையும் அவ்வாண்டே நார்மனியர் கையிற் பட்டது. கிழக்கும் மேற்கும் நிலமிழந்த பேரரசு வடக்கே நட்பை நாடிற்று. கேசாவோ கி. பி. 1074-ல் மொகியோரோத்துப் போரிற் சாலமோன் என்னும் வேந்தனை வென்று அரசு கொண்டவன். சாலமோன் செருமானிய வேந்தன் நான்காம் ஹென்றியின் உடன்பிறந்தாளை மணந்தவனாகலின், அவ்வேந்தன் துணை அவன் பக்கமே நின்றது. தன் அரசுரிமைக்குப் பிறிதொரு பெருந்துணையைக் காட்டவேண்டிய நிலையிற் கேசா இருந்தான். ஈவார்க்கும் தேவை இருந்தது. ஏற்பார்க்கும் தேவை இருந்தது. இருவர் தேவையும் கூடியவிடத்து விலக்கு நெகிழ்ந்தது. நெகிழ்ந்தும், ஒளிவட்டத்தாலும் நிறத்தாலும் தம் உயர்வைப் பைசாந்தியர் காத்துக்கொண்டனர்.

இக்கொள்கையை முற்றும் வீழ்த்துவது சிசிலித் தீவினின்றும் கிடைக்கும் சான்று. பலெர்மோ நகரில் மார்த்தொரானா என வழங்கும் கோவிலிற் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இடையில் அமைக்கப்பட்ட கற்சில்லோவியம் ஒன்று, இரண்டாம் ரோஜர் வேந்தனை இயேசுநாதர் தம் கையாலேயே முடிசூட்டுவதாகக் காட்டுகின்றது. வேந்தன் உடை பைசாந்தியப் பேரரசர் உடை; முடியும் தொங்கணியோடு கூடிய அவர்தம் முடியே. ரோஜர் பைசாந்தியர்க்கு அடங்கியவனோ எனின், அல்லன். கி. பி. 1147-ல் அவன் கடற்படை கார்பூத் தீவைக் கைப்பற்றித் தீப்ஸ், கொரிந்து நகரங்களைக் கொள்ளைகொண்டு பட்டு நெய்வாரையும் சிறைபிடித்துச் சென்றது. பகைவன் அணிந்த தொங்கணி அடிமைச் சின்னமாதல் யாங்ஙனம்? தானும் அப்பேரரசனுக்கு ஒப்பானவன் எனக் காட்டவே அவன் அதனை மேற்கொண்டான். ஆகவே, தொங்கணி பேரரசின் உயர்வைக் குறிக்கும் ஒரு மொழி போல்வது. அதனைக் கொடையாகப் பெற்றுப் பேசினாரும் உளர், தாமே கைக்கொண்டு பேசினாரும் உளர். யார் பேசினார் என்பது கொண்டு பொருள் காணவேண்டுமேயன்றிச் சொல்லைக் கண்ட அளவிற் பேசியவன் அடிமை எனத் துணிதல் தகாது.

தொங்கணி கொண்டு அணிந்தவர் ஆணோ பெண்ணோ எனத் துணிவாரையும் இதனோடு சேர்த்து மறுக்கலாம். ஹங்கேரி முடியின் கீழ்க்கூறு, பட்டையின் முன்பாதியில் நிமிர்ந்து நிற்கும் சிகரங்கள் உண்மையின், அரசிக்கு உரியது எனக் கருதும் அறிஞர் உளர். கேசாவின் தேவி பைசாந்தியக் குலத்தில் வந்தவராகலின் அக்கருத்து எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயின் அதற்குத் துணையாவன சிகரங்களேயன்றித் தொங்கணி அன்று. ஜஸ்டினியனும் தியோடோராவும் ஒருங்கே அதனை அணிந்தனர் என மேலே கண்டாம். கி. பி. 1222-ல் இறந்த அரசி கான்ஸ்டன்சின் பலெர்மோக் கல்லறையினின்றும் எடுக்கப்பட்ட முடியும் தொங்கணி உடையதே. அதன் கவிப்பு வடிவம் நோக்கி, அஃது அவர் கணவராகிய இரண்டாம் பிரடெரிக்கின் முடியாகலாம் என்பாரும் உளர்.

இல்லாமை கொண்டு துணிதலும் பிழையாம். வியன்னா நகர அரண்மனைக் கருவூலத்திலுள்ள புனித உரோமைப் பேரரசின் எண்பட்டை முடியில் இப்பொழுது தொங்கணி இல்லை. அது கொண்டு செருமானியப் பேரரசர் தொங்கணியை வேண்டாது தள்ளினர் என்னலாமோ? பக்கத்தகடுகளில் தொங்கல்களைக் கோத்தற்கு அமைந்த சிறு குழாய்கள் இன்றும் எஞ்சியுள்ளன. அணி அழிந்தும் அதன் இடம் அழிந்திலது. காணப்படாமை வேறு, இல்லாமை வேறு என்னும் அளவைநூன் முறையை அக்குழாய்கள் நமக்கு நினைவூட்டுகின்றன.

மூன்றாங்கொள்கை மறுப்பு

இனி, ஹங்கேரித் திருமுடி முழுவதும் ஸ்தேவானுக்கு அனுப்பப்பட்டது என்னும் கொள்கையை ஆராய்வாம். ஸ்தேவான் என்னும் பெயர்க்கு மூலமாகிய கிரேக்கச் சொல்லுக்கு முடி என்பதே பொருள். அது பற்றியே தமிழகத்துக் கிறித்தவர் அப்பெயரை முடியப்பர் என மொழிபெயர்த்து வழங்குவர். முடியையே பெயராக உடைய வேந்தர்க்கு முடி ஒன்று உரியதாயிற்று எனக் கூறும் மரபு அந்நாட்டார் நெஞ்சில் வேரூன்றியதில் வியப்பில்லை.

ஸ்தேவான் முடிசூடியது கி. பி. 1000-ஆம் ஆண்டின் இறுதியிலோ 1001-ஆம் ஆண்டின் தொடக்கத்திலோ ஆம்; அவர் மறைந்தது 1038-ல். தொங்கணியைத் தாங்கிய கீழ்ப்பட்டையில் உருவெழுதப்பட்ட மைக்கேல் டூக்காஸ் ஆண்டது 1071 முதல் 1078 வரை. கேசா ஆண்டது 1074 முதல் 1077 வரை. மறைந்து முப்பது ஆண்டுகளின் மேலும் கழிந்தபின் ஆண்டவர் உருவங்கள் ஸ்தேவான் சூடிய முடியில் அமைந்திருத்தல் கூடாது. இஃது எண்ணறிந்தார் எவர்க்கும் உடன்பாடாம். மேற்கூறும் ஒருகாலத்து ஒருங்கே செய்யப்பட்டதாகத் தோன்றவில்லை. அதில் திருத்தூதர் பன்னிருவருள் எண்மரே காணப்படுகின்றனர். உச்சியிலுள்ள சிலுவையோ இயேசுநாதர் ஓவியத்தின் நடுவே துளையிட்டு நிறுத்தப்பட்டுள்ளது. அவ்வோவியத்தை வரைந்தவன் அதனைத் துளைத்திரான். இரு கூறுகளும் பன்னிரண்டாம் நூற்றாண்டில், மூன்றாம் பேலா வேந்தன் காலத்தை ஒட்டி இணைக்கப்பட்டிருக்கலாம் என்பது அறிஞர் பலர் கருத்து. இங்ஙனம் காட்சி தெளிவாகப் பேசுமிடத்து, உரையை அதன்மேல் நிறுத்தி வாதிடுதல் அம்முடிக்குப் பெருமை சேர்ப்பதன்று.

அற்றேல், பழமை பொய்யாயவிடத்துப் பெருமையும் பொய்யாமன்றோ எனின், ஆகாது. இக்கடாவே இவ்வாராய்ச்சியின் உயிராகலின் இதனைச் சிறிது விரித்துக் கூறுதும்.

ஹங்கேரி நாட்டிற் கார்ல் ராபர்ட்டு என்னும் வேந்தன் மும்முறை முடிசூடினான். கி. பி. 1301-ற் சூடிய முடி வேறு. 1309-ற் சூடிய முடி புதிதாகச் செய்தது. திருச்சபையின் ஆதரவு இருந்தும் அவ்விரண்டனையும் நாட்டார் முடிந்த முடிபாக ஏற்றிலர். 1310-ல் இத்திருமுடியைச் சூடிய பின்னரே அவன் ஐயமற்ற வேந்தனாயினான். 1440-ல் எலிசபெத்து அரசியார், ஹெலேனா கொத்தன்னர் என்னும் தம் பணிமகளைக் கொண்டு விசெகிராத்துக் கோட்டையினின்றும் இம்முடியை இரவிற் கவர்வித்து, பிறந்து மூன்று திங்களும் நிரம்பாத தம் மகவுக்குச் சூட்டுவித்தனர். அவ்வாண்டே எதிர்க்கட்சியார் விளாதிஸ்லாவ் என்பவனைப் பிறிதொரு முடி கொண்டு வேந்தனாக்கி, முடியின் ஆற்றல் நாட்டு மக்களின் உடன்பாட்டில் உளது என அறிவித்தனர். அறிவித்தும் நெஞ்சம் அமைதி பெற்றிலது. மத்தியாஸ் வேந்தன் எண்பதினாயிரம் பொற்காசு கொடுத்து 1463-ல் இம்முடியைச் செருமானியப் பேரரசன் மூன்றாம் பிரடெரிக்கினிடமிருந்து மீட்டு, மறு ஆண்டே சூடிக்கொண்டான். 1780 முதல் 1790 வரை ஆண்ட இரண்டாம் ஜோசப்பு முடிசூடாதே ஆண்டமையின், தொப்பி வேந்தன் என நாட்டாரால் எள்ளப்பட்டான்.

இவ்வரலாறுகளால் அறியக்கிடப்பது யாது? அம்முடியின் பெருமை அதனைச் செய்த கொல்லனாலோ அனுப்பிய கையாலோ மட்டும் வந்ததன்று. அரசனும் தனக்குமேல் ஒன்று உண்டென உணர்ந்து அதன்முன் தலைவணங்கவேண்டும் என்னும் நாட்டார் உள்ளத்துறுதியே அதற்கு உயிராயிற்று. வேந்தர் வந்தனர், சென்றனர்; முடி நின்றது. முடியை நாட்டின் உருவாகவும் குடிகளை அதன் உறுப்பாகவும் கருதும் கொள்கை அந்நாட்டுச் சட்டநூல்களிலும் இடம்பெற்றது. இப்பெருமைக்கு 1001-ஆம் ஆண்டு இன்றியமையாததன்று. பல நூற்றாண்டுகள் நாட்டார் வைத்த நம்பிக்கையே போதியது.

ஆகவே இருதிறத்தாரும் ஒரு பிழையே செய்தனர். பழமையைப் பொய்யாகக் கூறியேனும் காக்கவேண்டும் என்றவர், பெருமை பழமை ஒன்றையே பற்றியது என எண்ணினர். பழமை வீழ்ந்ததாகலின் பெருமையும் வீழ்ந்தது என்றவரும் அவ்வாறே எண்ணினர். மெய்யை மெய்யென ஒப்புதலும், மதித்தற்குரியதை மதித்தலும் ஒன்றற்கொன்று பகையல்ல. மதிப்பு மெய்யின்மேல் நிற்குமாயின் ஆராய்ச்சிக்கு அஞ்சாது. ஆராய்ச்சிக்கு அஞ்சும் மதிப்பு தன் அடிப்படையைத் தானே ஐயுறுவதாம். இந்நெறி ஹங்கேரியர்க்கேயன்றித் தொன்மை பற்றி யாதானும் ஒன்றைப் போற்றும் எந்நாட்டார்க்கும் ஒக்கும்.

முடிபுரை

இத்துணையும் கூறியவாற்றான், தொங்கணி நிலையைக் காட்டும் அணியேயன்றி வெறும் அழகன்று என்பதும், உயர்வின் சின்னமேயன்றி அடிமைச் சின்னமன்று என்பதும், திருமுடியின் கீழ்ப்பட்டை ஸ்தேவானுக்குப் பிற்பட்டதென்பதும், பிற்பட்டதாயினும் அதன் மதிப்புக்கு இழுக்கில்லை என்பதும் பெறப்பட்டன.

இத்திருமுடி கடைசியாகச் சூடப்பட்டது 1916-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 30-ஆம் நாள், நான்காம் கார்ல் வேந்தனுக்கு. இரண்டாம் உலகப்போரின் முடிவில், 1945-ல், அமெரிக்கப் படையினர் கைப்பட்டு, கடல் கடந்து போர்ட்டு நாக்ஸ் காப்பகத்தில் வைக்கப்பட்டு, 1978-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6-ஆம் நாள் நாட்டாரிடம் மீண்டது. 2000-ஆம் ஆண்டு முதற்கொண்டு புடாபெஸ்டு நகரப் பாராளுமன்றக் கட்டடத்தின் நடுமண்டபத்தில் உள்ளது. சூடுவார் இன்மையின் ஒன்பது தொங்கணிகளும் இன்று அசைவற்று நிற்கின்றன. அசையாது நின்றும் அவை தம்மை ஊன்றி நோக்குவார்க்குக் கூறுவன பல. கூறுவதைக் கேட்குமுன் நாமே ஒன்றைக் கூறி அவற்றின்மேல் ஏற்றாதிருத்தலே ஆராய்வார் கடனாம்.